றொசியோச் சதுக்கத்து ராசாவுக்குக் கீழே

1997 ஓகஸ்ட் 20, புதன்கிழமை. விமானம் இரவு ஒன்பதே முக்காலுக்கு. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் நாங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியது பின்னேரம் நாலு மணிக்கு.

"இப்பவே போய் எயர்போட்டைக் கூட்டித் துடைக்கப் போறீரோ?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர். நான் கட்டிடம் துப்புரவு செய்கிற வேலை என்பதால் அந்தப் பகிடி. பகிடியை விடுங்கள், 401 நெடுஞ்சாலையை நம்பி யார் வெளிக்கிடுவது? ஒரு லொறி குறுக்கே நின்றால் போதும், பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த பயணம் போய்விடும். அடுப்பு நிப்பாட்டியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு தரம் மேலே போய் வந்தேன். மூன்றாம் தரம் போக இவர் விடவில்லை. அதனால் லிஸ்பன் போய்ச் சேர்ந்த பிறகும் என் மனதுக்குள் அந்த அடுப்பு எரிந்துகொண்டே வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் "போர்த்துக்கலுக்குப் போனீங்களாம், என்ன பாத்தீங்கள்?" என்று கேட்கிற ஆட்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வாய் நொந்துவிட்டது. நான் பார்த்தது ஒரு சதுக்கம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த ஒரே சதுக்கம். அதைப் பற்றி என்னைப் போல் வடிவாகச் சொல்லக்கூடியவர்கள் ரொறன்ரோவில் இருக்கமாட்டார்கள்.

போன காரணம் என் தம்பி குகன். அவன் பாரிஸில் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிற வேலை செய்கிறான். 1985 இல் கொழும்பில் பிரிந்த பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் காணவில்லை. கனடா வர இரண்டு தரம் விசா கேட்டான், இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். நீங்கள் பாரிஸுக்குப் போகலாமே என்பீர்கள். நான் கனடா வரும் வழியில் பாரிஸ் விமான நிலையத்தில் இரண்டு நாள் ஒரு கதிரையில் இருத்தி வைத்து, ஒரே கேள்வியை ஒன்பது பேர் மாறி மாறிக் கேட்டார்கள். இந்த ஊரில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று அந்தக் கதிரையில் இருந்தே நேர்ந்தவள் நான். இப்போது கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறதுதான். வயிற்றுக்கு அது தெரியவில்லையே.

அப்போதுதான் வழி ஒன்று திறந்தது. என்னோடு வேலை செய்கிற மரியா போர்த்துக்கல்காரி. தன் ஊருக்கு மலிவாக ரிக்கெற் எடுக்கிற இடம் அவளுக்குத் தெரியும். குகனுடைய முதலாளியும் போர்த்துக்கல்காரன். ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் பாரிஸிலிருந்து தன் வான் வண்டியில் ஊருக்குப் போகிறவன். வானில் ஒரு இடம் இருக்கிறதாம். வெள்ளி காலை லிஸ்பனில் இறக்கி, ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப ஏற்றுவானாம்.

இனி முக்கியமான விஷயம். ஏஜென்றுக்குக் காசு கட்டிக் கள்ளமாக நாடு நாடாக வந்த எங்கட ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போனில் பேர் சொல்லக் கூடாது, விலாசம் சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற ஒரு அடையாளமும் நேரமும்தான் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் ஆள் வராவிட்டால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் பொலிஸ் கவனிக்கும். போய்விட்டு அடுத்த நேரத்துக்கு வர வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்த ஏஜென்ற்தான் குகனுக்கும் சொல்லிக் கொடுத்தவர். நல்ல வாத்தியார்.

"நடுச் சதுக்கம், அக்கா. ராசாவின்ர சிலைக்குக் கீழை. வெள்ளி பதினொண்டு," என்றான் குகன் போனில்.

"தெரியும். மரியா சொன்னவள். அந்தச் சதுக்கத்தின்ர பேர்..."

"பேர் சொல்லாதையக்கா! போனிலை என்ன பேர்?"

"சரி, சரி. வராட்டில்?"

"பின்னேரம் நாலு. அதுக்கும் வராட்டில் அடுத்த நாள் பதினொண்டு. அரை மணித்தியாலந்தான். அங்காலை நிக்காதை."

இரண்டு பேரிடமும் சரியான பத்திரம் இருக்கிறது. யாருக்குப் பயந்து இப்படிக் கதைக்கிறோம் என்று நானும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. எந்த அறையில் தங்குகிறோம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 21, வியாழன் காலை ஒன்பது நாற்பதுக்கு லிஸ்பனில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து நகரத்தின் நடுவுக்கு ஏழு கிலோமீற்றர்தான் இருக்கும். பஸ்ஸுக்கு ஆளுக்கு 430 எஸ்கூடோ. எங்கட ஒரு டொலருக்கு ஏறக்குறைய 130 எஸ்கூடோ என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பெரிய கண்காட்சி வருகிறதாம், ஊரெல்லாம் கிண்டிப் போட்டிருந்தார்கள்.

அறை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஏறுகிற ஒழுங்கையில், ஐந்தாம் மாடி. லிஃப்ற் இல்லை. ஒரு நாளைக்கு 5,000 எஸ்கூடோ. வீட்டுக்காரி நல்ல மனுசி, ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. கதிரையைத் தொட்டு "கதெய்ரா" என்றாள். சன்னலைத் திறந்து "ஜனேலா" என்றாள். இவருடைய சப்பாத்தைக் காட்டி, கழற்றி வை என்கிற மாதிரி "சப்பாத்து" என்றாள்.

இவருக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. "கேட்டீரே, எல்லாம் எங்கட சொல்லுகள்!"

"அவையின்ர சொல்லுகள். நானூறு வருசமாய் நாங்கள்தான் திருப்பிக் குடுக்கேல்லை," என்றேன். ஐந்து மாடி ஏறிய களையில் எனக்குச் சரித்திரம் ஏறவில்லை.

பின்னேரமே போய்ச் சதுக்கத்தைப் பார்த்து வைத்தோம். றொசியோ என்று பேர். மரியா சொன்ன மாதிரியே நடுவில் ஒரு தூண், தூணுக்கு மேல் ராசா. இரண்டு அந்தத்திலும் இரண்டு பெரிய நீர்த்தாரைகள், வெண்கலப் பெண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள். வடக்கே வெள்ளைத் தூண்களோடு ஒரு நாடக மண்டபம். சுற்றிவர ஐந்து மாடிக் கட்டிடங்கள், கீழெல்லாம் கோப்பிக் கடை. கோப்பியை நின்று குடித்தால் 90 எஸ்கூடோ, வெளியே கதிரையில் இருந்து குடித்தால் அதே கோப்பி 200. நிலம் முழுக்கச் சின்னச் சின்னக் கல், கறுப்பும் வெள்ளையுமாகக் கடல் அலை மாதிரிப் பதித்திருக்கிறார்கள். தட்டையான நிலந்தான், ஆனால் பார்த்துக்கொண்டு நடந்தால் தலை சுற்றும். நான் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி. பத்து இருபதுக்கே போய் நின்றேன். அங்கே கள்ளர் அதிகம் என்று மரியா சொன்னதால் தாலிக்கொடியைக் கழற்றி உள்ளே ஊசி குத்தி வைத்திருந்தேன். ஆட்கள் கவனிக்கக் கூடாது என்று பொட்டு வைக்கவில்லை. காற்சட்டையும், அந்த வெயிலிலும் மேலே ஒரு மழைக்கோட்டும் போட்டிருந்தேன். தோள்ப் பையில் அவனுக்கென்று ரொறன்ரோவில் வறுத்து இடித்த இரண்டு கிலோ மிளகாய்த்தூள். சுங்கத்தில் பிடிப்பார்களோ என்று விமானம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் வந்திருக்கிறேன்.

இவர் புத்தகத்தைத் திறந்தார். லைப்ரரியில் எடுத்த சுற்றுலாப் புத்தகம். இவருக்கு ஒரு கொள்கை: புத்தகத்தை வரிசையாக வாசிக்க வேண்டும், இடையில் தாவினால் எழுதினவனுக்கு மரியாதை இல்லை. அதோடு, எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்தில் நின்றுதான் வாசிக்க வேண்டும். சத்தமாக.

"இஞ்சேரும், இவர்தான் நாலாம் பெட்ரோ. தூண் இருபத்தேழு மீற்றர். கீழை இருக்கிற நாலு பொம்பிளையளும் நீதி, விவேகம், பலம், அடக்கம்."

"குகன் வாறானோ எண்டு அந்தப் பக்கம் பாருங்கோ."

"உமக்கு ஒரு புதினம். மேலை நிக்கிறது அந்த ராசாவே இல்லை எண்டும் ஒரு கதை இருக்காம். மெக்சிகோச் சக்கரவர்த்தி ஒருத்தருக்குச் செய்த சிலையாம். அவரை அங்கை சுட்டுப்போட்டாங்கள். சிலை மிஞ்சிப்போச்சு, அதை மலிவாய் வாங்கி இதிலை ஏத்தினதாம். இருபத்தேழு மீற்றர் உயரத்திலை ஆருக்கு முகம் தெரியப் போகுது?"

ராசாவுக்குக் கீழே நில் என்றால், ராசா ராசாவே இல்லை என்கிறார். நிமிர்ந்து பார்த்தேன். வெயிலில் ஒரு தொப்பி இல்லாத தலை மட்டும் தெரிந்தது. எங்கட யாழ்ப்பாணத்து ராசாவைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டவர்களுடைய ஊர் இது. அவர்களுடைய ராசாவுக்குக் கீழே என் தம்பியைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

பதினொன்று. பதினொன்று பத்து. பதினொன்று முப்பது. குகன் வரவில்லை. பழக்கம் பழக்கந்தான், அறைக்குத் திரும்பி ஐந்து மாடியும் ஏறினோம்.

நாலு மணிக்குத் திரும்பவும் வந்தோம். இவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். நாடக மண்டபம் நிற்கிற இடத்தில் முன்பு மத விசாரணை மாளிகை இருந்ததாம். பிடித்துக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் கேள்வி கேட்டு, தீர்ப்புச் சொல்லி, சிலரை இந்தச் சதுக்கத்திலேயே எரித்தார்களாம். மாட்டுச் சண்டையும் இதே இடத்தில்தானாம். விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் பாரிஸ் கதிரைதான் ஞாபகம் வந்தது. "அந்தப் பக்கத்தை விட்டிட்டு வாசியுங்கோவன்," என்றேன். வரிசை தப்பக் கூடாதாம்.

அப்போதுதான் அந்த மனிதனைக் கண்டேன். தெற்குப் பக்கத்து நீர்த்தாரையடியில் நின்றான். மொட்டை, நல்ல வண்டி வயிறு, கறுப்புக் கண்ணாடி. எங்கட நிறந்தான், ஆனால் லிஸ்பனில் கோவாக்காரரும் மொசாம்பிக்கிலிருந்து வந்த இந்தியரும் நிறையப் பேர், ஆகவே நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐஸ்கிறீம் நக்கியபடி எங்களையே பார்த்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு திரும்பவும் எங்களைப் பார்த்தான்.

"இஞ்சேருங்கோ, திரும்பாதையுங்கோ. உவன் சிவில் உடுப்பிலை பொலிஸ்."

"ஐஸ்கிறீமோடையோ?"

"அதுதான் வேஷம். நடவுங்கோ."

அரை மணித்தியாலம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தையும் விட்டுவிட்டு இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஓகஸ்ட் 23, சனி. பதினொரு மணி. வரவில்லை. இவர் அன்று 1755 ஆம் ஆண்டுப் பூகம்பம் வாசித்தார். நவம்பர் முதலாம் திகதி, எல்லாப் பரிசுத்தரின் திருநாள், சனம் முழுக்கக் கோயில்களில் இருந்த நேரம் நிலம் ஆடிக் கூரைகள் விழுந்தனவாம். தப்பியவர்கள் ஆற்றங்கரைக்கு ஓட, ஆறு எழும்பி வந்ததாம். மிச்சத்தை நெருப்புத் தின்றதாம். இப்போது நாங்கள் பார்க்கிற நேர் நேரான தெருக்களும் ஒரே மாதிரிக் கட்டிடங்களும் அதற்குப் பிறகு அளந்து கட்டியவையாம். எனக்கு ஒன்றுதான் ஓடியது: பாரிஸிலிருந்து லிஸ்பனுக்கு ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர் வான் ஓட்டம். சாரதி நித்திரை கொண்டானோ?

சதுக்கத்தோடு இருந்த ரெலிபோன் நிலையத்துக்குள் போய்ப் பாரிஸுக்கு எடுத்தேன். குகனுடைய அறையில் இருக்கிற பொடியன் எடுத்தான்.

"தம்பி, குகன் புறப்பட்டு வந்தவரோ?"

"எந்தக் குகன்?"

"உங்கடை அறையிலை இருக்கிறவர். நான் அக்கா கதைக்கிறன்."

"இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"போன மாசம் நீர்தானே எடுத்து அவரைக் கூப்பிட்டு விட்டனீர்?"

"பிழையான நம்பர் அக்கா."

"பிழையான நம்பர் எண்டால் என்னத்துக்கு அக்கா எண்டுறீர்?"

வைத்துவிட்டான். திரும்ப எடுத்தேன். இந்த முறை, "மடாம், றோங் நம்பர்," என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டு வைத்தான். எனக்கு விசர் பிடிக்காத குறை.

"நல்ல பிள்ளை. படிச்சதை மறக்கேல்லை," என்றார் இவர்.

அதற்குப் பிறகு நான் இவரோடு கதைக்கவில்லை. நாலு மணிக்கும் ராசாவுக்குக் கீழே நின்றோம், அப்போதும் குகன் வரவில்லை. இவர் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், நாடக மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் செரிப் பழச் சாராயம் ஒரு கிண்ணம் 120 எஸ்கூடோவுக்கு வாங்கிக் குடித்தார். கதவளவு அகலமான கடை. கொட்டையை எல்லோரும் தெருவில் துப்புவதால் அந்த இடத்தில் சப்பாத்து ஒட்டுகிறது. ரயில் நிலையத்தையும் பார்த்துவிடுங்கள். முன் வாசல் இரண்டும் குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடக்கும், ரயில்கள் கீழே இல்லை, மேல் மாடியில் நிற்கின்றன. அந்த ஊரில் எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

ஐந்து மணிக்குத் தனியாகப் பக்கத்தில் இருந்த சாவோ டொமிங்கோஸ் கோயிலுக்குள் போனேன். நான் சைவம், ஆனால் அவசரத்தில் எந்தச் சாமி என்றெல்லாம் பார்க்க முடியாது. பூகம்பத்தில் இடிந்து, திரும்பக் கட்டி, 1959 இல் உள்ளே முழுக்க எரிந்த கோயில். திருத்தினவர்கள் எரிந்த தூண்களைப் பூசி மறைக்கவில்லை. வெடித்து, கருகி, தோல் உரிந்தபடி அப்படியே நிற்கின்றன. ஒரு மெழுகுதிரி கொளுத்தி, "அவனை ஒருக்கால் காட்டு, கதைக்கக்கூட வேண்டாம், காட்டு," என்றேன். அன்றிரவு நித்திரை இல்லை. மிளகாய்த்தூள் பையை அணைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு. கடைசிப் பதினொரு மணி. பன்னிரண்டுக்கு அவனுடைய வான் போய்விடும்.

கடைகள் பாதி பூட்டு. புறாக்கள்தான் சனத்தைவிடக் கூட. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் வாசித்தார். வாசிக்காமல் மட்டும் இருக்கவில்லை. நிலத்தில் அலை போட்டிருக்கிற கல் எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கு முன், மலைமேல் கோட்டையில் இருந்த சிறைக் கைதிகளைக் கொண்டு பதித்ததாம். நான் நிமிரவில்லை. பதினொன்று பத்து. பதினொன்று இருபத்தெட்டு.

"கிழக்காலை முந்தி ஒரு பெரிய ஆசுபத்திரி இருந்ததாம். பூகம்பத்தோடை அதுவும் போச்சு. அந்த இடத்தைத் துப்புரவாக்கிச் சந்தை போட்டவையாம். பிறகு சந்தையையும் இடிச்சு, இப்ப அதுவும் ஒரு சதுக்கமாம். நடுவிலை முதலாம் ஜொவான் ராசா, குதிரையிலை..."

அவர் பக்கத்தைத் திருப்பப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

"என்ன சொன்னனீங்கள்?"

"முதலாம் ஜொவான்."

"ராசாவோ?"

"ராசாதான். வெண்கலம்."

"எங்கை?"

"உந்தக் கட்டிட வரிசைக்குப் பின்னாலை." புத்தகத்தைப் பார்த்தார். "பிகெய்ராச் சதுக்கம். ஒரு நிமிஷ நடை எண்டு போட்டிருக்கு."

"வெள்ளிக்கிழமை எத்தினையாம் பக்கம் வாசிச்சனீங்கள்?"

"ஐம்பத்தெட்டு."

"உது?"

"அறுபத்திநாலு," என்று சொல்லும்போதுதான் இவருக்கும் விளங்கியது. முகம் செத்துப் போனது. அப்போது நான் சொன்னதை இங்கே எழுத முடியாது, பத்திரிகையில் போடமாட்டார்கள்.

ஓடினோம். நாற்பத்தாறு வயதில், இரண்டு கிலோ மிளகாய்த்தூளோடு, அலை அலையாகத் தெரிகிற நிலத்தில் ஓடினேன். கட்டிட வரிசைக்கு நடுவே ஒரு தெரு, அதால் போனால் மற்றச் சதுக்கம். உண்மையில் ஒரு நிமிடம்தான். மூன்று நாளாக ரயில் நிலையப் பக்கத்தால் வந்து அதே பக்கத்தால் போன எனக்கு, அந்தப் பக்கத்தில் ஒரு உலகம் இருந்தது தெரியவில்லை. நடுவே பெரிய குதிரை. குதிரைமேல் கவசம் போட்ட ராசா. அவருடைய தலையில் ஒரு புறா. கீழே ஒருவரும் இல்லை.

இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று முப்பத்திமூன்று. அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது.

நான் என் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். பன்னிரண்டு வருடமாகப் போனில் சொல்லாத அவனுடைய முழுப் பேரை, அந்தச் சதுக்கத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

"குகதாசன்! டேய், குகதாசன்!"

புறாக்கள் எழும்பின. ட்ராம் நிற்கிற இடத்தில் வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. வரிசையின் கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்ட மொட்டைத் தலை ஒன்று திரும்பியது. வெள்ளிக்கிழமை ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு நின்ற பொலிஸ்காரன்.

கண்ணாடியைக் கழற்றினான். கண் அம்மாவின் கண்.

"அக்கா, பேரைக் கத்தாதை!" என்றான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நேரில் அவன் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அழத் தொடங்கினான்.

நான் முதலில் அடித்தேன், பிறகுதான் கட்டிப் பிடித்தேன்.

"எங்கையடா நிண்டனீ?"

"இஞ்சைதான்! ராசாவுக்குக் கீழை! அரை மணித்தியாலம் முடியத்தான் இந்த வரிசைக்குள்ளை ஒளிச்சனான்!"

"நானும் ராசாவுக்குக் கீழைதான் நிண்டன்!"

"உந்தத் தூணிலை நிக்கிறவரோ? அது ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்? குதிரையிலை இருக்கிறவர்தான் ராசா எண்டு முதலாளி சொன்னவர்."

"என்னைக் கண்டனீதானே வெள்ளிக்கிழமை?"

"கண்டனான். இஞ்சை ஒருத்தரையும் காணேல்லை எண்டு ஐஸ்கிறீம் வாங்க அங்கை வந்தனான். பொட்டில்லை, சங்கிலி இல்லை, காற்சட்டை. பக்கத்திலை ஒரு ஆள் புத்தகம் வாசிச்சுக்கொண்டு நிக்கிறார். ஆரோ போர்த்துக்கல்கார வாத்தியாரும் பெண்சாதியும் எண்டு முதல் நினைச்சன். என்ரை அக்கா அப்ப மெல்லிசெல்லே?"

"நீயும்தான் மெல்லிசு! மயிரும் இருந்தது!"

"பிறகும் ஒரு சந்தேகம், கண்ணாலை ஒருக்கால் மட்டிட்டுக் கிட்ட வரத்தான் வெளிக்கிட்டனான். அதுக்குள்ளை நீ ஓடிட்டாய்."

இவர் மரியாதையாகக் கையை நீட்டினார். இருவரும் முதல் தரம் சந்திக்கிறார்கள். எங்கட கலியாணம் ரொறன்ரோவில் நடந்தது, குகன் படம்தான் பார்த்தவன்.

"அத்தான், படத்திலை உங்களுக்கு மீசை."

"அது அப்ப," என்றார் இவர்.

பிறகு கேட்டேன், பாரிஸுக்குப் போன் எடுத்தாயா என்று. எடுத்தானாம், சனிக்கிழமை பின்னேரம். "அறையிலை நிக்கிற பொடியன் சொன்னவன், ஆரோ ஒரு பொம்பிளை என்ரை பேர் சொல்லி ரெண்டு தரம் எடுத்தவளாம். ஒண்டும் சொல்லேல்லையாம், நல்லாய்ச் சமாளிச்சுப்போட்டானாம். நானும் அவனைப் புகழ்ந்து விட்டனான்."

குதிரைக்குக் கீழே கல் படியில் மூன்று பேரும் இருந்தோம். இருபது நிமிடம் இருந்தது. மூன்று நாளைக்கென்று சேர்த்து வைத்த கதை. எதைச் சொல்வது? நான் மிளகாய்த்தூளை எடுத்துக் கொடுத்தேன். மணந்து பார்த்தான், சிரித்தான்.

"அக்கா, பாரிஸிலை எங்கட கடையிலை இதைவிட நல்லது விக்குது."

"குடு இஞ்சாலை அப்ப!"

"இல்லை, இல்லை, தா." பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வான் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நான் அவனுடைய மொட்டையைத் தடவினேன். வெயிலில் சுட்டது. அரைக் காற்சட்டைக்குக் கீழே முழங்காலில் ஒரு வெள்ளை வர்ணப் புள்ளி. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்புக்கு மேலேயே பட்டிருந்தது.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் ஹோர்ன் அடித்தது. வெள்ளை வான், கூரையில் ஏணி. முதலாளி சன்னலால் தலையை நீட்டி, எங்களைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து என்னவோ சொன்னான். குகன் மொழிபெயர்த்தான்: "மூண்டு நாளும் எங்கை போனீங்கள் எண்டு கேக்கிறார்."

"அடுத்த வருசம் நான் பாரிஸுக்கு வாறன்," என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே என் வாய் சொன்னது ஆச்சரியம். "எந்த விமானம், எத்தினை மணி, எந்த வாசல் எல்லாம் போனிலை சொல்லுவன்."

"போனிலையோ?"

"ஓம், போனிலை. பேரோடை. கத்திச் சொல்லுவன். உந்தப் பொடியனிட்டையும் சொல்லி வை."

வான் ஆற்றுப் பக்கமாகத் திரும்பி மறைந்தது. மிளகாய்த்தூள் பையைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்ச நேரம் சன்னலில் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் எங்களுக்குத் திரும்பும் விமானம். இங்கே மோர்னிங்சைட்டில் நாங்கள் ஆட்களைச் சந்திப்பது மோலில், டோனட் கடை வாசலில். ராசாவும் இல்லை, குதிரையும் இல்லை, பூகம்பமும் வரவில்லை. ஒருவன் பிந்தினால் பத்து அடி நடந்து தேடிப் பிடிக்கலாம். பெரிய சரித்திரம் உள்ள ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: தெருவின் பேரைச் சொல்லுங்கள், அறையின் நம்பரைச் சொல்லுங்கள், உங்கள் பேரையும் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஞாயிறு வான் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இவர் அறைக்குப் போவோம் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லி, திரும்ப றொசியோவுக்குப் போய், தூணுக்கு எதிரே கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன். மழைக்கோட்டைக் கழற்றினேன். உள்ளே குத்தியிருந்த கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டேன். இவர் பக்கத்தில் இருந்து புத்தகத்தை அறுபத்தைந்தாம் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்து முடித்தார். இந்த முறை நான் கேட்டேன். அடுப்பை அன்று காலையிலிருந்து நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு பொலிஸ்காரர் இரண்டு தரம் எங்களைக் கடந்து போனார். அரை மணித்தியாலம் போனது, ஒரு மணித்தியாலம் போனது, இரண்டும் போனது. நீ யார், ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.